வீதி முன்னா, வீடு முன்னா?

1898 ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக் பரவியது. நெரிசல் மிகுந்த பேட்டையிலிருந்து மக்களைக் குடிபெயர்க்க, மைசூர் அரசு பசவனகுடி, மல்லேசுவரம் விரிவாக்கங்களை விரைவுபடுத்தியது. அங்கே நேர்வீதிகளும், வீடுகளின் பின்புறம் துப்புரவுச் சந்துகளும் முதலில் வகுக்கப்பட்டன. வீடுகள் பின்னரே எழுந்தன. (அதே வரைபடம் சாதிவாரியாக மனைகளைப் பிரித்ததையும் மறப்பதற்கில்லை.)

ஒரு நூற்றாண்டுக்குப் பின் இவ்வரிசை தலைகீழானது. வர்த்தூர், பெள்ளந்தூர்ப் பகுதிகளில் பழைய ஊர்ப்பாதைகளையே நம்பி அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகின. 2007இல் இவை உள்ளிட்ட 110 கிராமங்கள் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. அவற்றுக்கான காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பெற்றதோ 2024 அக்டோபரில். இடைப்பட்ட 17 ஆண்டுகளும் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறும் தண்ணீர் லாரியுமே கதி. அலுவலக வாகனங்கள் திணறிய அதே குறுகிய சாலைகளில் லாரிகளும் ஊர்ந்தன. பின்னர்க் குழாய் பதிக்க அச்சாலைகளே தோண்டப்பட்டன.