மனச்சோர்வும் அதன் மருத்துவமும்

1862-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேலைக் கடற்கரையிலுள்ள பேப்பூர்வரை இருப்புப்பாதை அமைந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் அப்பாதையின் இரு முனைகளிலும் இரண்டு மனநோய் விடுதிகள் எழுந்தன. கிழக்கே 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் ஒன்று. மேற்கே, பேப்பூரை அடுத்த கோழிக்கோட்டில், 1872-இல் மற்றொன்று. இடைப்பட்ட கொங்கு நாட்டார் சேலம் வழியே கிழக்கு நோக்கியோ, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேற்கு நோக்கியோதான் அவற்றை அடைய வேண்டும்.

அங்கே சேர்க்கப்பட்டவர் யாவர்? தெருவில் திரிந்தோரையும் பிறருக்கு ஆபத்து விளைப்போரையும் காவலர் பிடித்து, நீதிபதியின் ஆணை பெற்று அனுப்ப 1858-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்திருந்தது. ஆனால் ஏற்றம் இறைக்க மனமின்றி, உண்ண மனமின்றித் திண்ணையில் முடங்கிக் கிடந்த உழவரை எந்தக் காவலரும் தேடி வரவில்லை. அவர் கூச்சலிடவில்லை, ஆகவே ஏடுகளில் அவருக்கு இடமில்லை. அவரை அறிந்த சட்டம் ஒன்றே ஒன்று: 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவருக்கு அது ஓராண்டுவரை சிறை விதித்தது. நோயாளியைக் குற்றவாளியாக்கிய இக்கொடுமை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

மனச்சோர்வு என்பது வெறும் துயரம் அன்று. வெள்ளாமை பொய்த்தால் வருந்தாதவர் இல்லை. அவ்வருத்தம் நாளடைவில் தேயும். இந்நோயிலோ, இரு வாரங்களுக்கு மேலாக நாள் முழுதும் மனம் இருண்டிருக்கும். உறக்கமும் பசியும் கெடும். முன்பு இனித்தவை சுவையற்றுப் போகும். தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் வேரூன்றும். சோம்பல் என்று வீட்டார் கடிந்துகொள்வது இதனைத்தான். பண்டைக் கிரேக்க மருத்துவர் கரும்பித்தத்தின் மிகுதியே இதற்குக் காரணம் என்றனர். பித்தத்தையும் சித்தக் கலக்கத்தையும் நம் மக்களும் இணைத்தே பேசினர் என்பது வியப்பான ஒற்றுமை.

1950-களின் இறுதியில் ரோலண்ட் கூன் என்னும் சுவிஸ் மருத்துவர் இமிப்ரமின் என்ற மருந்து இச்சோர்வைத் தணிப்பதைக் கண்டார். 1960-களில் அமெரிக்கரான ஆரன் பெக், நோயாளி தன்னைப் பற்றிக் கொண்டுள்ள கருத்துகளைச் சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராயச் செய்யும் பேச்சுவழி மருத்துவத்தை உருவாக்கினார். மற்றொரு முறை இதனினும் எளியது. சோர்வு செயலைக் குறைக்கிறது. செயல் குறையவே சோர்வு பெருகுகிறது. மனம் தெளியட்டும் என்று காத்திராமல், சிறு செயலொன்றை முதலில் மேற்கொள்வதே இம்முறை. மாட்டுக்குத் தீனி வைத்தல், கிணற்றடிவரை நடத்தல், உறவினர் ஒருவரோடு பேசுதல் என்று நோயாளியும் ஆலோசகரும் கூடித் திட்டமிடுவர். அடுத்த சந்திப்பில் விளைவை ஆராய்வர்.

இதற்குப் பெரிய மருத்துவசாலை வேண்டுவதில்லை என்பதைக் கோவா காட்டிற்று. அங்கே ஆரம்பச் சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வுற்ற 495 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. மருத்துவப் பட்டம் பெறாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு முறை நோயாளிகளைச் சந்தித்தனர். மூன்று மாதங்களில் அவர்களுள் நூற்றுக்கு 64 பேர் நோய் தணிந்தனர்; இவ்வுதவி பெறாதாருள் 39 பேரே தணிந்தனர். நூற்றுக்கு 36 பேருக்கு அது போதவில்லை என்பதையும் மறத்தலாகாது. மருந்து தேவைப்படுவோரும் உண்டு.

தமிழகத்தில் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் சாரதா மேனன், மாவட்ட மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் தோன்ற உழைத்தார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிர் மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருதி, அவருக்குத் தண்டனைக்கு மாறாகச் சிகிச்சை அளிக்கப் பணித்தது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசிச் சேவையில் ஆலோசகரோடு தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பாலக்காட்டுக் கணவாயைக் கடக்க வேண்டிய தேவையும் இல்லை.