கவாத்து மைதானத்துக்கு அப்பால்

அனைத்திந்தியக் காவல் சட்டம் வருவதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 1859இல், சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல் சட்டம் வந்துவிட்டது. பயிற்சியிலும் மாகாணம் பின்தங்கவில்லை. 1896இல் வேலூரில் காவல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. எனினும் காவலருக்கு எதைக் கற்பிப்பது என்ற கேள்வி இன்றும் தீர்ந்தபாடில்லை.

ஆண்ட்ரூ பிரேசர் தலைமையில் 1902இல் அமைந்த காவல் ஆணையம், உதவி ஆய்வாளர்களை நேரடியாகத் தேர்ந்தெடுக்கவும் காவலர்களைப் பள்ளியில் வைத்துப் பயிற்றவும் பரிந்துரைத்தது. ஆனால் காவலரை ஏவியதைச் செய்பவராகவே அது கண்டது. விசாரிப்பதும் முடிவெடுப்பதும் மேலதிகாரியின் பாடு. அந்தக் கணக்கில் காவலருக்குக் கவாத்தும் கட்டுப்பாடும் போதும். 1977இல் தரம் வீரா தலைமையில் அமைந்த தேசியக் காவல் ஆணையம் இதை ஏற்கவில்லை. காவலரும் தம் அறிவைக் கொண்டு பணியாற்றக்கூடியவராக வளர வேண்டும் என்றது.

தேர்வின் வாசல் அதற்குள் அகன்றிருந்தது. 1973இல் ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள் என்று தமிழகக் காவல்துறையில் பெண்கள் நுழைந்தனர். பின்னாளில் நீதிமன்றப் படியேறி வென்ற திருநங்கை பிரித்திகா யாஷினி உதவி ஆய்வாளரானார். இன்று சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் உண்டு. பொது அறிவோடு உளவியல் வினாக்களும் உண்டு. அதன்பின் உயரமும் மார்பளவும் பார்த்து, ஆண்களை 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடவைத்து, கயிறேற விடுகிறார்கள்.

இத்தனையும் தாண்டி வந்த இளைஞர் ஒருநாள் காவல் நிலைய வாசலில் பாரா நிற்கிறார். கைப்பேசியைப் பறிகொடுத்த ஒருவர் பதறியபடி வருகிறார். பறிபோன இடம் அடுத்த நிலையத்தின் சரகம். “இது எங்க லிமிட் இல்லைங்க, அங்க போங்க” என்பது நம் காதுக்குப் பழகிய பதில். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவோ, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பெறச் சொல்கிறது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் தகவலிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. பதிவு செய்வது நிலைய அதிகாரியின் கடமைதான். ஆனால் வந்தவர் அவர் மேசைவரை போவதும் திரும்பிப் போவதும் பாராக்காரர் சொல்லும் முதல் வார்த்தையில் இருக்கிறது.

சட்டப் பிரிவை மனப்பாடம் செய்வதால் அந்த வார்த்தை மாறாது. பயிற்சிப் பள்ளியிலேயே ஒரு மாதிரி நிலையம் அமைத்து, அழுபவர், குடித்திருப்பவர், தமிழ் தெரியாத தொழிலாளி, சொல்லத் தயங்கும் சிறுமி என்று ஒவ்வொருவராக வரச்செய்து, பயிற்சிக் காவலர் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துத் திருத்த வேண்டும். கயிறேறுவதற்கு மதிப்பெண் போடும் துறை இதற்கும் மதிப்பெண் போடட்டும். இதில் தேறாதவரை மறுபடி பயிற்றிய பிறகே நிலையத்துக்கு அனுப்பட்டும்.