வாயுவா, கவுட்டா, சரவாங்கியா? – மூட்டுவலியின் சின்ன சரித்திரம்

நம் பக்கத்தில் ஐம்பது வயதுக்கு மேல் எந்த மூட்டு வலித்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: வாயு. முழங்கால் பிடித்தால் வாயு. விரல் வீங்கினால் வாயு. கால் கட்டைவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போனாலும் வாயு. உருளைக்கிழங்கை நிறுத்து, பூண்டைச் சேர்த்துக்கொள் என்பதோடு வைத்தியம் முடிந்துவிடும்.

ஆனால் பெயர் ஒன்றானாலும் நோய் ஒன்றல்ல என்பது நம் பழைய வைத்தியர்களுக்குத் தெரிந்தே இருந்தது. சித்த மருத்துவத்தில் யூகி முனிவர் பெயரால் வழங்கும் நூல் வாத நோய்களை எண்பதாகப் பிரிக்கிறது. ஆயுர்வேதத்தில் வாதரக்தம் வேறு, ஆமவாதம் வேறு. நம் ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் தன்வந்திரி சன்னதியைச் சேவிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, இங்கே ஓர் ஆரோக்கியசாலை இருந்தது. சிதைந்து கிடந்த அதைக் கருடவாகன பட்டர் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளப் பண்ணியதைச் சக ஆண்டு 1415, அதாவது கி.பி. 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அங்கே வந்தவர்களிலும் மூட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் இருந்திருப்பார்கள்.

இனி கொஞ்சம் பாரிஸ் போகலாம். நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சுக்காரன் சம்பந்தப்பட்ட கதை என்றால் எனக்குத் தனி ருசி. 1800-ஆம் ஆண்டு, சல்பெத்ரியேர் என்ற பெரிய ஆஸ்பத்திரியில் லாந்த்ரே-பொவே என்ற இருபத்தெட்டு வயது டாக்டர் ஓர் ஆய்வேடு எழுதினார். அந்தக் காலத்தில் கவுட் என்பது வசதியுள்ள ஆண்களின் நோய். நன்றாகச் சாப்பிட்டு ஒயின் குடிப்பவர்களுக்கு வருவது என்று பெயர். லாந்த்ரே-பொவே பார்த்ததோ ஏழைகளின் ஆஸ்பத்திரியில் ஒன்பது பெண்களை. பல மூட்டுகள் ஒன்றாக வீங்கி, வருஷக்கணக்கில் நீடித்து, உடம்பை உருக்கும் வலி. இது வழக்கமான கவுட் இல்லை என்று அவர் தனியாகப் பிரித்து எழுதினார். வைத்த பெயர் 'கூத் அஸ்தெனிக் ப்ரிமித்தீவ்'. பலவீனத்தோடு வரும் கவுட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் கவுட்டை விடமுடியவில்லை. ஆனால் நாம் சரவாங்கி, முடக்குவாதம் என்று சொல்லும் ருமடாய்ட் ஆர்த்ரைட்டிஸைப் பற்றிய முதல் தெளிவான வர்ணனை அதுதான் என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு இங்கிலாந்தில் ஆல்ஃப்ரெட் காரட். 1848-ல் கவுட்காரர்களின் ரத்தத்தில் யூரிக் அமிலம் அதிகம் என்று காட்டினார். 1859-ல் ருமடாய்ட் ஆர்த்ரைட்டிஸ் என்ற பெயரையும் அவரே வைத்தார். பெயர் கிடைத்ததே தவிர, நோயை அடக்கும் மருந்து நெடுங்காலம் வரவில்லை. ஓவியர் ரெனுவார் (1841–1919) கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கோணிப்போன விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, தூரிகையைப் பிறர் கையில் வைத்துவிட வரைந்தார். அவருக்கும் இதே நோய்தான்.

இப்போது ஸ்கேன் கதை. இதற்கும் வேர் பாரிஸிலேயே இருக்கிறது. 1880-ல் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுவதைக் கண்டார்கள். மறுபக்கமாக, மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும். பியேர் கியூரியின் மாணவர் போல் லாஞ்ஜ்வேன். முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைப் பிடிக்க, 1917 வாக்கில் குவார்ட்ஸை இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து, காதுக்குக் கேட்காத ஒலியைத் தண்ணீரில் அனுப்பினார். ஒலி போய் எதிலாவது மோதித் திரும்பினால், அங்கே ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். சோதனைத் தொட்டியில் மீன்கள் செத்து மிதந்தனவாம். கையை விட்டால் வலித்ததாம்.

அந்த எதிரொலி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நாளாயிற்று. ஆஸ்திரியாவில் டுசிக் 1940-களில் மூளையைப் பார்க்க முயன்றார். கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் 1958-ல் கர்ப்பப்பையைப் பார்த்துக் கட்டுரை வெளியிட்டார். மூட்டு முறை 1972-ல் வந்தது. முழங்காலுக்குப் பின்னால் வரும் வீக்கம் நீர்க்கட்டியா, ரத்தக்குழாயில் அடைப்பா என்று பிரித்துக் காட்டினார்கள். அதாவது மூட்டு ஸ்கேன் பிறந்ததே 'இதுவா, அதுவா' என்ற கேள்விக்குப் பதிலாகத்தான்.

இன்று அது பார்ப்பது என்ன? திரையில் எலும்பின் விளிம்பு வெள்ளைக் கோடு. அதன்மேல் குருத்தெலும்பு கறுப்புப் பட்டை. கவுட் என்றால் யூரிக் உப்பு அந்தப் பட்டையின் மேற்பரப்பில் படிந்து இன்னொரு வெள்ளைக் கோடு போடும். ஆக இரட்டைக் கோடு. 2015-ல் வந்த சர்வதேச கவுட் வரையறையில் இந்த இரட்டைக் கோட்டுக்கும் மார்க் உண்டு. கால்சியம் உப்பால் வரும் பொய்க் கவுட்டில் வெள்ளைப் புள்ளிகள் பட்டைக்குள்ளே இருக்கும். சரவாங்கியில் மூட்டின் உள்ளுறை தடித்திருக்கும். டாப்ளர் போட்டால் அந்த இடத்தில் சிவப்புப் பொறிகள் மின்னும். ரத்தம் அங்கே அதிகம் பாய்கிறது, நோய் விழித்திருக்கிறது என்று பொருள். எலும்பு விளிம்பில் எலி கடித்த மாதிரி பள்ளமும் தெரியலாம். சொரியாசிஸோடு வரும் வகையில் குதிகால் போன்ற இடங்களில், தசைநார் எலும்பில் ஒட்டும் முனையில் வீக்கம் தெரியும்.

ஸ்கேன் மட்டும் தீர்ப்பு சொல்லாது. எலும்பின் உள்ளே அதனால் பார்க்க முடியாது. பார்ப்பவர் கைப்பழக்கமும் முக்கியம். ரத்தப் பரிசோதனையும், சில சமயம் மூட்டு நீரை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் வேண்டியிருக்கும்.

பிரித்தறிவது ஏன் இவ்வளவு முக்கியம்? 2006-ஐ நினைத்துப் பாருங்கள். 1964-ல் சென்னையை ஆட்டிய சிக்குன்குனியா மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்த வருஷம். அதே சமயம் எங்கள் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கூலிக்குக் கப்பலேறிய தமிழர்களின் சந்ததி வாழும் ரெயூனியன் தீவில் மூன்றில் ஒருவரை அது பிடித்தது. ஆப்பிரிக்க மாகொண்டே மொழியில் அந்தப் பெயருக்கே வளைந்து ஒடுங்குவது என்று அர்த்தமாம்.

என் மனைவிக்கும் வந்தது. காய்ச்சல் போயிற்று, விரல் வலி போகவில்லை. காட்டிய இடத்தில், "சிக்குன்குனியா வலிதாம்மா, இருக்கத்தான் செய்யும்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அந்த வலி இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான்கு வருஷம் கழித்து திருச்சியில் ஓர் இளம் டாக்டர் விரல் முட்டியில் கருவியை வைத்துத் திரையைக் காட்டினார். சிவப்புப் பொறி, எலும்பில் பள்ளம். ரத்தப் பரிசோதனையும் சரவாங்கி என்றது. வாரம் ஒருமுறை மாத்திரை ஆரம்பித்தார்கள். இப்போது மார்கழியில் சின்னக் கோலமாவது போடுகிறாள். ஆனால் வலது கை நடுவிரல் நிமிரவில்லை. நோயை அடக்கலாம், நேர்ந்த பள்ளத்தைத் தூர்ப்பது கஷ்டம்.

குமாஸ்தா வேலை பார்த்தவன் கண்ணில் பட்ட இன்னொன்று. அந்த ஸ்கேன் அறையிலும், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற போர்டு மாட்டியிருந்தது. 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 திருத்தமும் ஸ்கேன் மெஷின் வைத்திருக்கும் இடமெல்லாம் பதிவு செய்யவேண்டும் என்கின்றன. முட்டியை மட்டும் பார்க்கும் டாக்டருக்கும் விலக்கில்லை. மூட்டு டாக்டர்களுக்கு இது கூடுதல் ஃபைல், கூடுதல் ரிஜிஸ்டர் என்பது உண்மை. ஆனால் பெண்குழந்தைகளை இந்த நாடு எப்படி நடத்தியது என்பதால் வந்த சட்டம் அது; அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரவாங்கி ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். லாந்த்ரே-பொவே பார்த்த ஒன்பது பேரும் பெண்கள். நம் வீடுகளில் வலியைச் சொல்லாமல் அடுப்படியில் நிற்பவர்களும் அவர்கள்தான்.

ஆகவே காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க அரைமணி, ஒரு மணி நேரம் ஆகிறதா, இரண்டு கையிலும் முட்டிகள் வீங்குகின்றனவா, ஆறு வாரம் ஆகியும் போகவில்லையா? தைலத்தை மூடி வைத்துவிட்டு மூட்டு நோய் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வாயு என்று யாராவது சொன்னால், "எந்த வாயு?" என்று கேளுங்கள். யூகி முனிவரே எண்பது சொல்லியிருக்கிறார்.