அவநம்பிக்கையும் ஆள்வினையும்

மனித இனம் பேரிடர் ஒன்றை எதிர்நோக்கும் போதெல்லாம் இருவகை மனநிலைகள் தோன்றுதல் இயல்பு. “எல்லாம் கைகடந்துவிட்டது, இனிச் செய்வதற்கு யாதுமில்லை” என்று சோர்ந்திருப்போர் ஒரு சாரார். “எவரேனும் ஒரு வழி காண்பர், நாம் கவலையுறல் வேண்டா” என்று களித்திருப்போர் மற்றொரு சாரார். முன்னையோர் அவநம்பிக்கையாளர் என்றும் பின்னையோர் நம்பிக்கையாளர் என்றும் பெயர் பெறுகின்றனர். ஆயினும், செயலளவில் நோக்குமிடத்து இருவரும் வாளா இருப்பவரே. புவி வெப்பமடைந்து வரும் இக்காலத்தில் இவ்விரு குரல்களும் உலகெங்கும் ஒலிக்கின்றன. இவற்றுள் எதற்குச் செவிசாய்ப்பது என்று மயங்குவோர், நம் காலத்திலேயே நிகழ்ந்த மற்றொரு வரலாற்றை நினைவுகூர்தல் நன்று. அது ஓசோன் படலத்தின் வரலாறு.

நிலமட்டத்திலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீற்றர் வரையுள்ள உயரத்தில் ஓசோன் வாயு மிகுந்து காணப்படுகின்றது. ஞாயிற்றிலிருந்து வரும் ஊதாக் கடந்த கதிர்களுள் தீங்கு மிக்கவற்றை அது தடுத்துவிடுகின்றது. அப்படலம் அழியுமாயின் தோற்புற்றும் கண்நோயும் பெருகும். பயிர்களும் கடல்வாழ் நுண்ணுயிர்களும் நலிவுறும்.

இதற்கு ஊறு விளைத்த பொருள் தீய நோக்குடன் ஆக்கப்பட்டதன்று. குளிர்சாதனப் பெட்டிகளில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு போன்ற நச்சு வாயுக்கள் முன்னர் பயன்படுத்தப்பட்டன. அவை கசிந்து உயிர்ச்சேதம் விளைத்ததும் உண்டு. அக்குறையை நீக்கக் கருதி, தோமசு மிட்சிலி என்னும் அமெரிக்கர் தம் துணைவருடன் 1928ஆம் ஆண்டில் குளோரோபுளோரோகாபன் வகையைச் சேர்ந்த குளிரூட்டியை உருவாக்கினார். அது தீப்பற்றாது, நஞ்சன்று, எதனோடும் எளிதிற் சேராது. ஆகவே உலகம் அதனைப் பெரிதும் வரவேற்றது. குளிர்சாதனப் பெட்டி, வாசனைத் தெளிப்புக் குப்பி, மெத்தைகளுக்கான நுரைப்பொருள் ஆகிய எல்லாவற்றிலும் அது இடம்பெற்றது.

எதனோடும் சேராத அந்த இயல்பே பின்னர் இடராயிற்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஆராய்ச்சி செய்த சேர்வூட் ரோலண்ட், மரியோ மொலினா என்னும் இருவர், காற்றிற் கலந்த இவ்வாயு இறுதியில் எங்கே செல்கின்றது என்று ஆராய்ந்தனர். கீழ்வளியில் அழியாத அது மெல்ல மேலேறி, ஊதாக் கடந்த கதிர்களாற் பிளவுண்டு குளோரினை விடுவிக்கும். ஒரு குளோரின் அணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும். இம்முடிவு 1974ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளியாயிற்று. ஆராய்ச்சி நன்கு நடைபெறுகின்றதெனினும் அது உலக முடிவைப் போலத் தோன்றுகின்றதென்று ரோலண்ட் தம் மனைவியிடம் கூறியதாகச் சொல்லப்படுவதுண்டு. அவநம்பிக்கைக்கு அவரினும் தக்க காரணமுடையவர் அந்நாளில் ஒருவருமிலர். ஆயினும் அவர் ஆய்வுகூடத்திற் சோர்ந்திருந்தாரல்லர். சட்டமன்றக் குழுக்களின் முன்னும் செய்தியாளர் முன்னும் சென்று, எதிர்ப்புக்கு அஞ்சாது பல்லாண்டுகள் தம் கருத்தை எடுத்துரைத்தார்.

அதன் பயனாக, 1978ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா தெளிப்புக் குப்பிகளிற் பெரும்பாலானவற்றில் இவ்வாயுவைத் தடைசெய்தது. வேறு சில நாடுகளும் அவ்வாறே செய்தன. இங்கேதான் மற்றக் குரல் தலைதூக்கியது. காரியம் முடிந்ததென்று பொதுமக்கள் கருதினர். ஏனைய உபயோகங்களோ தடையின்றிப் பெருகின. 1980களில் உலக உற்பத்தி மீண்டும் உயரலாயிற்று. அவநம்பிக்கை செய்யாத கேட்டை அக்காலத்தில் மிதமிஞ்சிய மனநிறைவு செய்தது எனலாம்.

உலகை விழித்தெழச் செய்தது ஆரவாரமற்ற ஓர் அளவைப் பணியே. அந்தாட்டிக்காவின் ஆலி குடாவிலிருந்த பிரித்தானிய நிலையத்தில், 1950களின் நடுப்பகுதி தொடக்கம் ஆண்டுதோறும் ஓசோனின் அளவைக் குறித்து வந்தனர். அதனால் உடனடிப் பயன் யாதென எவரும் அறிந்திலர். யோசேப்பு பார்மன், பிரையன் கார்டினர், யொனதன் சங்கிளின் ஆகிய மூவரும் அக்குறிப்புகளை ஒப்புநோக்கி, தென்முனை வசந்த காலத்தில் ஓசோன் மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைந்துவிட்டதை 1985ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகறியச் செய்தனர். வருவதுரைத்த ஆய்வாளர்களும் எதிர்பாராத அளவினதாக இருந்தது அவ்வீழ்ச்சி.

இரண்டாண்டுகள் கழித்து, 1987ஆம் ஆண்டு செத்தெம்பர் 16ஆம் நாள், கனடாவின் மொன்றியல் நகரில் உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாயிற்று. அன்று ஒப்பமிட்டவை 24 நாடுகளும் ஐரோப்பிய பொருளாதார சமூகமுமே. அவ்வுடன்படிக்கை நிறைவானதன்று. உற்பத்தியை அரைவாசியாகக் குறைக்கவே அது விதித்தது. அதற்கும் பத்தாண்டுக்கு மேல் அவகாசம் அளித்தது. இதுவோ மருந்து என்று நகைத்து ஒதுக்கியிருத்தல் எளிது. ஆனால், புதிய அறிவு வருந்தோறும் கூடித் திருத்துவதற்கு அதில் இடம் வைக்கப்பட்டிருந்தது. 1990இல் இலண்டனில் கூடியோர் முற்றாக ஒழிப்பதென முடிவுசெய்து, வறிய நாடுகளுக்கு உதவ நிதியமொன்றையும் நிறுவினர். 1992இல் கொப்பனேகனில் காலவெல்லை மேலும் குறுக்கப்பட்டது. இலங்கை 1989ஆம் ஆண்டில் இதில் இணைந்தது. 2009ஆம் ஆண்டில் உலக நாடுகள் யாவும் இதனை ஏற்றிருந்தன. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கைகளுள் அத்தகைய பேற்றை முதலிற் பெற்றது இதுவே.

இதன் பின்னும் தவறுகள் நிகழ்ந்தன. தடைசெய்யப்பட்ட வாயு ஒன்று வளிமண்டலத்தில் எதிர்பார்த்தவாறு குறையவில்லை என்று 2018இல் அளவையாளர் கண்டறிந்தனர். கிழக்குச் சீனத்திலிருந்து அது பெருமளவு வெளியேறுவது பின்னர் புலப்பட்டது. நடவடிக்கை எடுக்கப்பட, வெளியேற்றம் மீண்டும் குறைந்தது. இன்றைய கணிப்பின்படி, உலகின் பெரும்பகுதியில் ஓசோன் 2040ஆம் ஆண்டளவிலும், அந்தாட்டிக்காவில் 2066ஆம் ஆண்டளவிலும் 1980இல் இருந்த நிலையை எய்தும். மரியோ மொலினா 2020இல் மறைந்தார். ரோலண்ட் அவருக்கு முன் 2012இல் மறைந்தார். தாம் தொடங்கிய பணியின் முழுப் பயனை இருவரும் கண்டிலர்.

காலநிலை மாற்றத்தை இதனோடு ஒப்பிடுங்கால் வேற்றுமையையும் மறைத்தலாகாது. குளோரோபுளோரோகாபனை ஆக்கியோர் சிலரே. மாற்றுப் பொருளும் விரைவிற் கிடைத்தது. காபனீரொட்சைட்டோ அடுப்பிலும் ஆலையிலும் ஊர்தியிலும் மின்னிலையத்திலும் பிறப்பது. அது புவியை வெப்பமாக்கும் என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் சுவாந்தே அரேனியசு 1896ஆம் ஆண்டிலேயே கணித்திருந்தார். ஆயினும், 1958இல் வளியின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்காக இருந்த அது, 2024இல் 420 பங்கையும் கடந்துவிட்டது. அவ்வாண்டின் சராசரி வெப்பம் கைத்தொழிற் புரட்சிக்கு முற்பட்ட நிலையிலும் 1.5 பாகை மிகுந்திருந்தது. அச்சமுறுவோர் காரணமின்றி அஞ்சவில்லை.

எனினும் மறுபக்கமும் உண்டு. 2015ஆம் ஆண்டு பாரிசு உடன்படிக்கைக்கு முன்னர், இந்நூற்றாண்டின் இறுதியில் வெப்பம் 4 பாகையை அண்டி உயரக்கூடுமென அஞ்சப்பட்டது. இன்று நடைமுறையிலுள்ள கொள்கைகளின்படி அது 3 பாகையை அண்டி நிற்கும் என்கின்றனர். இதுவும் பெருங்கேடே, ஆனால் அந்த ஒரு பாகை மனித முயற்சியால் விளைந்த வேறுபாடு. ஞாயிற்றொளியிலிருந்து மின் பிறப்பிக்கும் செலவு 2010ஐ அடுத்த பத்தாண்டில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேற் குறைந்தது. 2016இல் உருவாண்டாவின் கிகாலி நகரில் மொன்றியல் உடன்படிக்கையே மீண்டும் திருத்தப்பட்டு, புவியை வெப்பமாக்கும் ஐதரோபுளோரோகாபன் வாயுக்களையும் கட்டுப்படுத்தலாயிற்று. இடர் என்பது முழுதும் வரும் அல்லது முழுதும் நீங்கும் என்னும் எண்ணமே தவறு. பாகையின் பத்திலொரு பங்கு தடுக்கப்படினும், அந்த அளவுக்கு வயலும் கரையோரமும் உயிரும் காக்கப்படும்.

இக்காலத்து மேல்வகுப்பு மாணவர் சிலர், “உலகே அழியப் போகின்றதாயின் நாம் கற்றுப் பயன் யாது?” என வினவுகின்றனர். அவ்வினாவை நகைத்தல் தகாது. “எல்லாம் சரியாகும்” என்று பொய்த்தேறுதல் கூறலும் தகாது. ஆலி குடாவில் அளவெடுத்தோரின் கதையை அவர்க்குக் கூறலாம். அவர்கள் நம்பிக்கை பிறந்தபின் வேலையைத் தொடங்கினாரல்லர். தம் முன்னிருந்த பணியைச் செவ்வனே செய்தனர். நம்பிக்கை அதன் பின்னரே பிறந்தது.

திருவள்ளுவர் மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். சோம்பலை நீக்கி, முயற்சியை மேற்கொண்டு, அம்முயற்சியிடையே வரும் துன்பத்துக்குக் கலங்காதிருத்தல் என்பது அவ்வரிசையாற் பெறப்படும். மனவுறுதி முன்வந்து நிற்குமென்று காத்திருப்போர்க்கு அது வாராது. உரிய பணியைத் தொடங்குவோர்க்கு அது வழியிலே வந்து துணையாகும்.