அரசரின் அணுக்கத் துணைவரான கடற்படைத் தலைவர்கள்

இந்தியக் கடற்படைத் தலைமைத் தளபதியின் பெயருக்குப் பின்னால் விருதுகளின் வரிசையில் 'ஏ.டி.சி.' என்னும் மூன்றெழுத்துகள் இடம்பெறுவதைக் காணலாம். பிரெஞ்சு மொழியினின்று ஆங்கிலம் ஏற்றுக்கொண்ட இச்சொல்லின் நேர்ப்பொருள் 'பாசறைத் துணைவர்' என்பதாகும். தமிழ் இதழ்கள் இதனை 'மெய்க்காப்பாளர்' என்று பெயர்ப்பதுண்டு, அது பொருந்தாது. இப்பதவியினர் எவர் மெய்யையும் காப்பவரல்லர். தலைவனின் பக்கத்தே நின்று, அவன் ஆணையைக் கொண்டு செல்பவர். விழாக்களில் உடன் வருபவர். ஆதலின் இக்கட்டுரை 'அணுக்கத் துணைவர்' என்ற சொல்லையே ஆளுகின்றது.

கடலில் பாசறை இல்லை. பாசறைக்குரிய பதவி கப்பலுக்கு வந்தது எங்ஙனம் என்பதே இங்கு எழும் வினா. பிரித்தானிய அரசரின் அணுக்கத் துணைவர் பதவி தொடக்கத்தில் தரைப்படையினரின் உரிமையாகவே இருந்தது. அதனைப் பெற்ற தரைப்படை அலுவலர் கர்னல் என்னும் தகுதிக்கு உயர்வதும் வழக்கம். கடற்படையிலோ கேப்டன்களின் பட்டியல் பணிமூப்பு ஒன்றையே அளவாகக் கொண்டது; அரசரே விரும்பினும் ஒருவரை மற்றொருவருக்கு மேல் ஏற்றுதல் எளிதன்று. ஆகவே சிறந்த கேப்டன்களைச் சிறப்பிக்கச் சுற்றுவழி ஒன்றைக் கையாண்டனர். கடற்படைக் காலாளரான 'மரீன்' பிரிவின் கர்னல் என்ற பெயரைக் கடமை ஏதுமின்றி ஊதியத்தோடு வழங்கினர். நெல்சன் 1795இல் பெற்ற சிறப்பு இத்தகையதே. கடல்வீரன் ஒருவனைப் பெருமைப்படுத்தக் காலாட்படைப் பட்டம் ஒன்றைக் கடன் வாங்க வேண்டியிருந்த நிலை எண்ணத்தக்கது.

இந்நிலை மாறியதற்கு ஓர் அரசரின் வாழ்க்கை வரலாறே காரணம் எனலாம். 1830இல் அரியணையேறிய நான்காம் வில்லியம், மூன்றாம் ஜார்ஜின் மூன்றாம் மகன். பதின்மூன்றாம் வயதில், 1779இல், கடற்படையில் சேர்ந்தவர். மேற்கிந்தியத் தீவுகளில் நெல்சனின் கீழ்ப் பணியாற்றியவர். 1787இல் நீவிசுத் தீவில் நடந்த நெல்சனின் திருமணத்தில் மணமகளைக் கையளித்தவரும் அவரே. இத்தகையவர் அரசரானபின், தம் பக்கத்தில் தரைப்படைச் சீருடையினரோடு கடற்படையினரும் நிற்க வேண்டும் என விரும்பியது இயல்பே. அவர் ஆட்சியில் கடற்படைக் கேப்டன்கள் அணுக்கத் துணைவராயினர். அட்மிரல் நிலையில் உள்ள ஒருவருக்கு 'முதன்மைக் கடற்படை அணுக்கத் துணைவர்' என்ற பதவி ஏற்பட்டது. கேப்டன்கள் அட்மிரலாக உயர்ந்ததும் அச்சிறப்பை இழப்பர்; முதன்மைத் துணைவருக்கு மட்டும் அது உயர்நிலையிலும் உண்டு.

முன்னாளில் இப்பதவியை வகித்த அமீலியஸ் போகிளார்க் பிரபு, இரண்டாம் சார்லஸ் அரசரின் வழியில் வந்தவர். 1846இல் அவர் மறைந்தபின் பதவியேற்ற வில்லியம் பார்க்கர் வேறு வகையினர். நெல்சனின் கீழ்ப் போர்க்கப்பல் நடத்திய கேப்டன்களுள் இறுதிவரை எஞ்சியவர் எனப் போற்றப்பட்டவர் அவர். 1854இல் அவர் பரிந்துரையால் சிறுவன் ஒருவன் கடற்படையில் சேர்ந்தான். அவனே ஜான் ஃபிஷர். அவன் பிறந்தது 1841இல், இலங்கை மலைநாட்டின் றம்பொடையில். தந்தை தரைப்படைக் கேப்டன். இலங்கை ஆளுநர் வில்மட் ஹார்ட்டனின் அணுக்கத் துணைவராக இருந்தவர். ஆளுநரின் மனைவியே குழந்தைக்கு ஞானத்தாய். பார்க்கரிடம் சிறுவனுக்காகப் பேசியவரும் அவரே. பார்க்கர் பரிந்துரைத்தது அட்மிரல் என்ற உரிமையாலேயன்றி, அணுக்கத் துணைவர் என்பதாலன்று. எனினும் ஆளுநர் மாளிகையில் தந்தை நின்ற இடம் மகனுக்குக் கடற்படையின் கதவைத் திறந்தது என்பதை மறுத்தல் இயலாது.

அரை நூற்றாண்டு கழிந்து, 1904இல், ஃபிஷரே ஏழாம் எட்வர்டின் முதன்மைக் கடற்படை அணுக்கத் துணைவரானார். அவ்வாண்டே கடற்படையின் தொழில்முறைத் தலைமையும் அவரிடம் வந்தது. பழைய கப்பல்களை நீக்கினார், கப்பற்பிரிவுகளை மாற்றியமைத்தார், பகைவர் பெருகினர். அவருள் தலையாயவர் சார்லஸ் பெரஸ்ஃபோர்ட். இவ்விடத்தில் வரலாற்றின் விளையாட்டு ஒன்றுண்டு. 1875–76இல் எட்வர்டு இளவரசராக இந்தியாவிற்கு வந்தபோது அவருடைய அணுக்கத் துணைவராக உடன்வந்தவர் இதே பெரஸ்ஃபோர்ட். 1891இல் பெண்ணொருத்தியை முன்னிட்டு எழுந்த பூசலில் இருவர் நட்பும் முறிந்தது. பழைய துணைவர் அரசரின் அன்பை இழந்து வெளியே நின்றார். புதிய துணைவர் அவ்வன்பையே அரணாகக் கொண்டார். 1906 பிப்ரவரியில் 'டிரெட்நாட்' கப்பலைக் கடலில் இறக்கியவர் அரசரே. 1909இல் பெரஸ்ஃபோர்டின் குற்றச்சாட்டுகளைப் பிரதமர் ஆஸ்குவித் தலைமையிலான குழு ஆராய்ந்தது. நாட்டிற்கு ஊறு நேரவில்லை எனக் குழு கூறினும், ஃபிஷருக்கு முழு ஆதரவு அளிக்கவில்லை. 1910 ஜனவரியில் அவர் தலைமைப் பதவியை விட்டார். மே மாதத்தில் அரசரும் மறைந்தார்.

இப்பதவியை வெறும் அணிகலன் என்று ஒதுக்குவோர் உளர். சட்டநோக்கில் அது சரியே: முதன்மைத் துணைவருக்கு ஒரு கப்பலை நகர்த்தும் அதிகாரமும் அப்பதவியால் வருவதில்லை. ஆயின் ஃபிஷரின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. அரசரின் செவி எவர் பக்கம் உள்ளது என்பதை ஊரறியக் காட்டும் குறியாக அது பயன்பட்டது. செல்வாக்கைப் பதவி தரவில்லை; இருந்த செல்வாக்கைப் பதவி அறிவித்தது. அமைச்சரவையும் எதிரிகளும் அக்குறியைத் தவறாமல் படித்தனர். போகிளார்க் போன்றோரிடத்தில் அதே பதவி வெறும் அணியாகவே இருந்தமைக்கும் காரணம் இதுவே எனக் கருதலாம்.

பிற்காலத்தில் கடற்படைத் தலைவரே முதன்மைத் துணைவராகவும் இருப்பது பிரித்தானியாவில் வழக்கமாயிற்று. அரச அணுக்கத் துணைவரின் வலத்தோளில் பொன்னிழைக் கயிறு தொங்கும். தோளணியில் அரசரின் பெயரெழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். அரசர் மாறினால் அவ்வெழுத்தும் மாறும்.

இந்தியா 1950 ஜனவரி 26இல் குடியரசாயிற்று. அரசரின் பெயரெழுத்து தோளினின்று நீங்கியது, பதவி நீங்கவில்லை. முப்படைத் தலைவர்களும் குடியரசுத் தலைவரின் மதிப்புறு அணுக்கத் துணைவர்களாயினர். குடியரசுத் தலைவர் மாளிகையில் நாள்தோறும் உடன்நின்று பணிபுரியும் துணைவர்களோ இளைய அலுவலர்கள். அவருள் கடற்படையைச் சார்ந்தவரும் உண்டு. தலைமைத் தளபதியின் பெயர்ப்பின் நிற்கும் மூன்றெழுத்துகளும், அவ்விளைஞரின் அன்றாடப் பணியும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன.