பாதியில் நின்ற மங்கல்

1610 ஜனவரி 7 இரவு கலிலியோ வியாழனுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகளைப் பார்த்தார். மறுநாள் அவை இடம் மாறியிருந்தன. ஒரு வாரத்துக்குள் நான்காவதும் தெரிந்துவிட்டது. சந்தேகம் வந்தால் அடுத்த இரவு மறுபடி பார்த்துக்கொள்ளலாம். அந்த வசதி அவருக்கு இருந்தது.

கெப்ளர்-1625பி என்ற கோளுக்கு நிலா தேடியவர்களுக்கு அது இல்லை. அந்தக் கோள் தன் நட்சத்திரத்தைச் சுற்ற 287 நாள் ஆகும். அதை யாரும் நேரில் பார்த்ததும் இல்லை. நட்சத்திரத்தின் முன்னால் அது கடக்கும்போது வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த கோள். நிலா இருந்தால் பக்கத்திலேயே இன்னொரு சின்னக் குறைவு வரும். நிலாவின் இழுப்பில் கோள் சற்று முந்தியோ பிந்தியோ கடக்கும்.

கெப்ளர் தொலைநோக்கி நான்கு ஆண்டுகளில் பதிந்தது மூன்றே கடப்புகள். அதில் ஒரு தடயத்தைக் கண்ட அலெக்ஸ் டீச்சியும் டேவிட் கிப்பிங்கும் ஹப்பிளில் 40 மணி நேரம் கேட்டு வாங்கினார்கள். 2017 அக்டோபரில், கோள் எதிர்பார்த்ததைவிட சுமார் 78 நிமிடம் முன்னதாகவே வந்தது. அது விலகி மூன்றரை மணி நேரம் கழித்து இரண்டாவது மங்கல். நிஜமென்றால் நெப்டியூன் அளவுக்கு ஒரு நிலா! அந்த மங்கல் முடிவதற்குள் ஹப்பிள் நேரம் முடிந்துவிட்டது. எப்போது படித்தாலும் இந்த இடத்தில் ஐயோ என்றிருக்கும்.

இதற்கிடையே கெப்ளர் தரவைச் சுத்தம் செய்யும் மென்பொருளின் புதிய வெர்ஷன் வந்திருந்தது. அதில் பார்த்தால், இவர்களை ஹப்பிள் வரை இழுத்துவந்த பழைய தடயம் பெரும்பாலும் கரைந்துபோனது. பதிவான ஒளி அதேதான். 2018 கட்டுரையில் இதை அவர்களே எழுதினார்கள்.

ஒருமுறை ஆபீசில் ஒரு லைப்ரரியை அப்டேட் செய்ததும், நான் மீட்டிங்கில் காட்டிப் பெருமைப்பட்ட கிராஃபின் முகடு காணாமல் போனது. ஸ்லைடை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். யாரும் கேட்கலை.

2019-இல் லாரா கிரைட்பெர்க் குழு அதே ஹப்பிள் தரவைத் தங்கள் முறையில் அலசியது. கோள் முந்தி வந்தது உண்மை, நிலாவின் மங்கல் மட்டும் இல்லை. அப்படியானால் முந்தி வந்ததற்குக் கண்ணில் படாத இன்னொரு கோள்கூட காரணமாக இருக்கலாம். 2023-இல் ரெனே ஹெல்லரும் மைக்கேல் ஹிப்கேயும் பெரிய நிலா இருக்க வாய்ப்பு குறைவு என்றார்கள். கிப்பிங் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை.

கெப்ளர் தரவு இணையத்தில் யாருக்கும் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கி, மூன்று கடப்புகளையும் வரைந்து பார்த்தேன். கோளின் பள்ளம் தெளிவாக இருந்தது. ஓரத்தில் நிலாவைத் தேடினேன். சுத்தம் செய்யும் கோட்டில் ஒரு எண்ணை மாற்றினால் ஏதோ தெரிந்தது. இன்னும் கொஞ்சம் மாற்றினேன், போய்விட்டது.