டிசிராவும் நம் களப்பணிப் படங்களும்

பிராமி எழுத்தை 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் வாசித்தறிந்ததை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். நம் காலத்தில் நிகழ்ந்த இன்னொரு வாசிப்பின் பயனை நாள்தோறும் நுகர்ந்தும் அதன் வரலாற்றைப் பெரும்பாலோர் அறியோம்.

டிஜிட்டல் கேமராவின் 'ரா' கோப்பு, முழுமையான படம் அன்று, படத்திற்கான மூலத்தரவு. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி முறையில், உணரியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒன்றையே பதியும். மற்ற இரண்டையும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு மென்பொருளே கணிக்கிறது. ஆனால் அக்கோப்புகளின் உள்ளமைப்பைக் கேமரா நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடவில்லை.

1997இல் டேவ் காஃபின் அவற்றைத் தாமே ஆராய்ந்து வாசிக்கத் தொடங்கினார். அவருடைய 'டிசிரா', சி மொழியில் எழுதப்பட்ட ஒரே மூலநிரல் கோப்பு. கட்டளை வரியில் மட்டுமே இயங்குவது. அதனாலேயே, ஓர் அடைவிலுள்ள ஆயிரம் படங்களையும் சில வரி ஸ்கிரிப்டால் மாற்றிவிட முடிந்தது. 2003இல் ஃபில் ஹார்வி வெளியிட்ட 'எக்சிஃப்டூல்', படமெடுத்த நாளையும் நேரத்தையும் படித்து, அவற்றின்படி கோப்புகளுக்குப் பெயரிட்டு அடுக்க வழிசெய்தது.

தடைகளும் இருந்தன. நிக்கான் டி2எக்ஸ் கேமராவின் வெண்சமநிலைத் தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது 2005இல் சர்ச்சையானது. காஃபின் அம்மறையை விடுவித்தார். அடோபி நிறுவனம் 2004இலேயே வெளிப்படையான விவரக்குறிப்புடன் டிஎன்ஜி வடிவத்தை அறிமுகப்படுத்தியிருந்தது. டிசிராவின் இறுதிப் பதிப்பு 2018இல் வந்தது. மூலநிரல் திறந்திருந்தமையால், அதிலிருந்து கிளைத்த 'லிப்ரா' இன்றும் அப்பணியைத் தொடர்கிறது.

இவ்வரலாறு எனக்கு விளங்கியது ஒரு பிழையால்தான். சுவடி ஒன்றைப் படமெடுத்துவந்தபின் நான் எழுதிய ஸ்கிரிப்ட், படமெடுத்த நேரத்தை விடுத்து, கணினியில் நகலெடுத்த நேரத்தைக் கொண்டு கோப்புகளுக்குப் பெயரிட்டது. ஏடுகளின் வரிசை குலைந்தது. தொடாமல் வைத்திருந்த ரா கோப்புகளினுள் உண்மையான நேரம் இருந்தமையால் மீண்டேன். மாற்றிய நகல்களை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்திருந்தால், எந்த ஏட்டின் பின் எந்த ஏடு என்பதைச் சொல்ல எனக்குச் சான்றே இராது.

ஆகவே, ஆய்வுத் தரவை ஒப்படைக்கும் நண்பர்கள் ரா கோப்பு, மாற்றிய படம், மாற்றப் பயன்பட்ட ஸ்கிரிப்ட், மென்பொருளின் பதிப்பெண் ஆகிய நான்கையும் ஒருங்கே ஒப்படையுங்கள். நமக்குப் பின் வருவோர் நம் வாசிப்பைச் சரிபார்க்க அவை வேண்டும்.